இன்னர்க்ஷ்லோஸ் பனியாற்றுப் பாதை: முதல்முறை போகிறவர்களுக்கு

விளக்கப் பலகை நட்டு, படித்துக்கொண்டே நடக்கும்படி அமைத்த இயற்கைப் பாதை என்றதும், பூங்காவில் உலாவப் போவதுபோல் கிளம்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆஸ்திரியாவின் கிழக்குத் திரோலில் இருக்கும் இன்னர்க்ஷ்லோஸ் பனியாற்றுப் பாதை அந்த நினைப்பை முதல் அரைமணி ஏற்றத்திலேயே கலைத்துவிடும். பள்ளத்தாக்கின் தரை 1,690 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதையின் உச்சி 2,200 மீட்டரைத் தாண்டுகிறது. நடுவில் கற்படி, மரவேர், ஈரப்பாறை, உருகுநீர் ஓடைகள். இதற்கு மலையேற்ற வீரராக இருக்கவேண்டியதில்லை. கயிறு தேவையில்லை, பனிக்கட்டியில் கால் வைக்கவும் தேவையில்லை. ஆனால் ஒரு முழு நாள் வேண்டும், நல்ல காலணி வேண்டும், எல்லாவற்றையும்விட நேரக் கணக்கு வேண்டும். இங்கே ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான்.

இடமும் வழியும்

ஹோஹே டௌவெர்ன் தேசியப் பூங்கா கரிந்தியா, சால்ஸ்பர்க், திரோல் என்று மூன்று மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது. கரிந்தியப் பகுதி 1981இல் தொடங்கியது. திரோல் பகுதி சேர 1992 ஆகிவிட்டது. ஆல்ப்ஸ் மலைத்தொடரில் இதைவிடப் பெரிய தேசியப் பூங்கா இல்லை. அதன் திரோல் பக்கத்தில் 3,657 மீட்டர் உயரமுள்ள க்ரோஸ்வெனடிகர் சிகரம் நிற்கிறது. அதன் கிழக்குச் சரிவிலிருந்து வழிந்து இறங்குவது ஷ்லாட்டென்கேஸ் பனியாறு. 'கேஸ்' என்பது இந்த வட்டாரத்தில் பனியாற்றுக்கு வழங்கும் சொல். வரைபடத்தில் எந்தப் பெயர் 'கேஸ்' என்று முடிந்தாலும் அது பனியாறு என்று எடுத்துக்கொள்ளலாம்.

நடை தொடங்கும் இடம் மாட்ரையர் டௌவெர்ன்ஹவுஸ் என்ற விடுதி, 1,512 மீட்டர். தெற்கே லியன்ஸ், மாட்ராய் வழியாக வந்தால் ஃபெல்பர்டௌவெர்ன் சுரங்கத்துக்கு முன்பே இதற்கான கிளைச்சாலை பிரிந்துவிடும். வடக்கே மிட்டர்சில் பக்கமிருந்து வந்தால் 5 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தைக் கடக்கவேண்டும், சுங்கமும் கட்டவேண்டும். டௌவெர்ன்ஹவுஸில் வண்டியை நிறுத்திவிட வேண்டியதுதான். அதற்கு மேல் சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. அங்கிருந்து நடக்கலாம். இல்லாவிட்டால் கோடையில் ஓடும் டாக்சியிலோ குதிரை வண்டியிலோ ஏறி உள் பள்ளத்தாக்குக்குப் போகலாம்.

ஜூலை தொடக்கம் முதல் செப்டம்பர் இறுதி வரை ஏற்ற காலம். ஜூன் மாதத்தில் நிழல் விழும் குழிகளில் பழைய பனித்திட்டு கிடக்கும். அது பார்வைக்குத்தான் கெட்டி. அடியில் ஓடை குடைந்து வெறுங்கூடாக்கி வைத்திருக்கலாம். நடுவில் மிதித்தால் இடுப்புவரை இறங்கிவிடும். செப்டம்பரில் வானம் தெளிவாக இருக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் பகல் சுருங்கும், காலையில் பாறைமேல் மெல்லிய உறைபனி பூத்திருக்கும்.

நேரக் கணக்கு

மலையில் மஞ்சள் பலகை காட்டும் நேரம் நடக்கும் நேரம் மட்டுமே. நிற்பது, சாப்பிடுவது, படம் பிடிப்பது, காலணிக்குள் போன கல்லை எடுப்பது எதுவும் அதில் சேராது. ஜெர்மன் மொழிப் பகுதிகளில் பரவலாக வழங்கும் டிஐஎன் 33466 என்ற ஜெர்மன் தரநிலைக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டால் எந்தப் பாதைக்கும் நீங்களே நேரம் போட்டுவிடலாம்.

ஒரு மணி நேரத்தில் சமதூரம் 4 கி.மீ., ஏற்றம் 300 மீட்டர், இறக்கம் 500 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்துக்கான நேரத்தைத் தனியாகவும் தூரத்துக்கான நேரத்தைத் தனியாகவும் கணக்கிடுங்கள். இரண்டில் பெரியதை முழுதாக எடுத்து, சிறியதில் பாதியைச் சேருங்கள். இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழப் பொருந்தும் எண்களைப் போட்டுப் பார்ப்போம்: நீளம் 7 கி.மீ., ஏற்றம் 550 மீ., இறக்கம் 550 மீ. ஏற்றத்துக்கு 1 மணி 50 நிமிடம், இறக்கத்துக்கு 1 மணி 6 நிமிடம், ஆக 2 மணி 56 நிமிடம். தூரத்துக்கு 1 மணி 45 நிமிடம். அதில் பாதி ஏறக்குறைய 52 நிமிடம். கூட்டினால் 3 மணி 48 நிமிடம். உள் பள்ளத்தாக்கில் இருக்கும் விடுதியான வெனடிகர்ஹவுஸிலிருந்து சுற்றிவிட்டு அங்கேயே திரும்பி வரச் சுமார் 4 மணி நேரம் என்று சொல்வது இப்படித்தான் வருகிறது.

இனிமேல்தான் விஷயம். பலகையைப் படித்து, அது சொல்லும் பாறையைத் தேடிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவருக்கும் காட்டிவிட்டு நகர 4 நிமிடமாவது ஆகும். 20 இடத்தில் அப்படி நின்றால் 80 நிமிடம் போய்விடும். சாப்பாட்டுக்கும் மூச்சு வாங்குவதற்கும் ஒரு மணி நேரம். நான்கு மணிச் சுற்று ஏறக்குறைய ஆறரை மணி ஆகிவிட்டது. டௌவெர்ன்ஹவுஸிலிருந்து நடந்தே உள்ளே போய் நடந்தே வெளியே வருவதென்றால் இன்னும் இரண்டரை மணி. மொத்தம் ஒன்பது. பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை: உச்சியில் இருக்கும்போது இடி, இறங்கும்போது கால் தளர்ச்சி, கீழே வந்தால் கடைசிப் பேருந்து போயிருக்கும்.

வேலை செய்யும் அட்டவணை இது. காலை 7.30க்கு டௌவெர்ன்ஹவுஸில் நடையைத் தொடங்குங்கள். 8.45க்கு உள் பள்ளத்தாக்கு. 9.15க்கு ஏற்றத்தின் அடிவாரம். 11 மணிக்கு ஏரி. பகல் 1 மணிக்குள் பனியாற்று ஓடையின் பாலத்தைத் தாண்டியிருக்கவேண்டும். 3 மணியளவில் வெனடிகர்ஹவுஸ், 4.15க்கு வண்டி நிறுத்துமிடம். நேரத்தை மிச்சப்படுத்த நினைப்பவர் உள்ளே போகும்போது டாக்சி பிடியுங்கள், வெளியே வரும்போது நடந்து வாருங்கள். காலையில் மிஞ்சும் ஒரு மணி நேரம் மாலையில் மிஞ்சும் ஒரு மணியைவிடப் பெரியது.

இன்னொரு எண்ணையும் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்: திரும்பும் நேரம். "11.45க்குள் ஏரிக்கு வரவில்லையென்றால் வந்த வழியே இறங்குவோம்" என்று கூட வருகிறவர்களிடம் கீழேயே சொல்லிவிட வேண்டும். மேலே போனபின் எடுக்கும் முடிவில் ஆசை கலந்துவிடும்.

காலணி, பை, உடை

கணுக்காலை மூடும், ஆழமான பள்ளம் வெட்டிய அடிப்பாகமுள்ள நடைக்காலணி போதும். பனியாற்று ஏற்றத்துக்கென்று செய்த கெட்டிக் காலணி வேண்டாம்; அது வளையாது, குதிகாலைத் தேய்க்கும். புதுக் காலணியை வாங்கிய வாரமே இங்கே கொண்டுவராதீர்கள். குறைந்தது 20, 30 கி.மீ. அதில் நடந்திருக்கவேண்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போது மாலை நேரத்தில், தடித்த காலுறையோடு பாருங்கள். இறக்கத்தில் கால் முன்னே சரியும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகல இடம் இல்லாவிட்டால் மறுநாள் நகம் கறுத்துப்போகும்.

பழைய காலணி இன்னும் ஆபத்தானது என்பது பலருக்குத் தெரியாது. நடைக்காலணியின் நடு அடுக்கு பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றின் ஈரம் பட்டுப்பட்டு அது உள்ளுக்குள்ளேயே சிதைகிறது. பெட்டியில் வைத்து ஏழெட்டு ஆண்டுகள் தொடாமல் இருந்த காலணி புதிதுபோலவே இருக்கும். இரண்டு மணி நேரம் நடந்ததும் அடிப்பாகம் முழுதாகக் கழன்று தொங்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் குதிகால் பக்கத்து நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நுண்ணிய விரிசல் தெரிந்தாலோ பொடி உதிர்ந்தாலோ அது குப்பைக்குத்தான். வழியில் கழன்றுவிட்டால் காப்புக்கு ஒட்டுநாடாவும் ஒரு நீளக் கயிறும் பையில் இருக்கட்டும். காலணியைச் சுற்றி எட்டு வடிவில் கட்டி, மெதுவாக இறங்கிவிடலாம்.

மடக்குக் கைத்தடி ஒரு ஜோடி. சமதரையில் பிடித்து நிற்கும்போது முழங்கை செங்கோணமாக இருக்கவேண்டும். ஏறும்போது அதைவிட 5 செ.மீ. குறையுங்கள், இறங்கும்போது 5 முதல் 10 செ.மீ. கூட்டுங்கள். கம்பிக்கயிறு போட்ட இடமோ கை வைத்து ஏறவேண்டிய இடமோ வந்தால் தடியின் வார்க்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துவிடுங்கள். தடுக்கி விழும்போது வாரில் மாட்டிய கட்டைவிரல் ஒடியும்.

பை 20 முதல் 25 லிட்டர் அளவு. அதில் போகவேண்டியவை:

- தண்ணீர் ஒருவருக்கு 2 லிட்டர்
- காற்றுப் புகாத மழைக்கோட்டு, மெல்லிய கம்பளி அல்லது ஃப்ளீஸ் சட்டை, குல்லாய், கையுறை
- மாற்று பனியன் ஒன்று, பருத்தி அல்லாதது
- கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன்
- கொப்புளப் பிளாஸ்டர், இழுபடும் கட்டுத்துணி, பொன்-வெள்ளி மீட்புப் போர்வை
- ஊதல், தலைவிளக்கு, காகித வரைபடம்
- கைச்செலவுக்கு ரொக்கமாக யூரோ

ஜூலையில் கையுறையா என்று கேட்கத் தோன்றும். உயரம் 100 மீட்டர் கூடினால் வெப்பம் அரை டிகிரிக்கு மேல் குறையும். அதைவிட முக்கியமானது பனியாற்றின்மேல் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து கீழே இறங்குவது. வெயில் காய்கிற நாளிலும் அந்தக் காற்று அடிக்கும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு ஒரு பலகைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் பல் கிட்டிவிடும். நின்று நின்று போகும் பாதை என்பதால் உடையில் ஒரு ஒழுங்கு வேண்டும்: நடக்கும்போது ஓர் அடுக்கு குறைவாக, நிற்கும்போது உடனே ஓர் அடுக்கு கூட.

வரைபடத்துக்கு ஆல்ப்ஸ் மலைச் சங்கம் வெளியிட்ட 36ஆம் எண் வெனடிகர் தாள், 1:25,000 அளவு, சரியாக இருக்கும். கைபேசியில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் அலைவரிசை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். விமானப் பயன்முறையில் போட்டு, உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். குளிரில் மின்கலம் சடாரென்று இறங்கும்.

முந்தைய நாள் மாலை

வானிலையைப் பாருங்கள், ஊர் வானிலையை அல்ல, மலை வானிலையை. பூஜ்ஜிய டிகிரி எந்த உயரத்தில், இடிமழை எத்தனை மணிக்குப் பிறகு என்ற இரண்டு தகவல் போதும். பிற்பகல் இடிமழை என்று சொன்னால் போகலாம், அட்டவணையை ஒரு மணி முன்னே தள்ளுங்கள். முற்பகலிலேயே இடி என்றால் வேறு நாள் பாருங்கள்.

ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு எண் 140. ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான 112ஐ வேறு நிறுவனத்தின் அலைவரிசை வழியாகவும் அழைக்கமுடியும். திரோலில் வேலை செய்யும் 'எஸ்ஓஎஸ் இயூ ஆல்ப்' செயலி, நீங்கள் நிற்கும் இடத்தை மீட்பு மையத்துக்கே அனுப்பிவிடும். அதை இறக்கிப் பதிவு செய்ய மூன்று நிமிடம். பொழுதுபோக்கு நடையில் நேரும் விபத்துக்கு ஹெலிகாப்டர் வந்தால் செலவு உங்கள் தலையில்தான் விழும், அது ஆயிரக்கணக்கான யூரோ. மலைச் சங்கத்தின் உறுப்பினர் கட்டணத்திலேயே மீட்புக் காப்பீடு அடங்கியிருக்கும். பயணக் காப்பீடு வைத்திருப்பவர் அதில் மலை மீட்பு உண்டா என்று வரிவரியாகப் பாருங்கள்.

அலைவரிசையே இல்லாவிட்டால் பழைய முறை. ஒரு நிமிடத்தில் ஆறு முறை, அதாவது 10 விநாடிக்கு ஒன்று, ஊதலோ விளக்கோ காட்டவேண்டும். ஒரு நிமிடம் இடைவெளி. மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று என்று பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள். தலைக்குமேல் ஹெலிகாப்டர் வந்தால் உதவி வேண்டும் என்பதற்கு இரண்டு கையையும் மேலே விரித்து நில்லுங்கள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் வேண்டாம் என்று பொருள். உற்சாகத்தில் ஒற்றைக் கையை ஆட்டி வைக்காதீர்கள்.

பாதை, கட்டம் கட்டமாக

முதல் கட்டம், டௌவெர்ன்ஹவுஸிலிருந்து உள்ளே. அகலமான வண்டிப் பாதை, மிதமான ஏற்றம். வழியில் முதலில் ஔசர்க்ஷ்லோஸ், அப்புறம் இன்னர்க்ஷ்லோஸ். இரண்டும் கோடைமேய்ச்சலுக்கு மாடு ஓட்டி வருகிறவர்களின் மரவீட்டுத் தொகுப்புகள். இடையில் ஒரு பெரும்பாறைக்குள்ளேயே அமைத்த சிறு தேவாலயம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பனிச்சரிவு எதை விட்டுவைக்கும், எதை விட்டுவைக்காது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கப் பலகை கிடையாது. இந்தக் கட்டத்தில் வேகம் பிடிக்காதீர்கள். பேசிக்கொண்டே நடக்கமுடிகிற வேகம்தான் சரியான வேகம்.

கால் எங்காவது உறுத்துகிறதா என்று இங்கேயே கவனியுங்கள். சூடாக உறுத்தும் இடத்தில் உடனே பிளாஸ்டர் ஒட்டினால் கொப்புளம் வராது. ஏரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஏரியில் தோல் இருக்காது.

மாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மேய்ச்சல் நிலத்தின் நடுவே பாதை போகிறது. கன்றோடு நிற்கும் பசு சாதுவான மிருகம் அல்ல. 20 முதல் 50 மீட்டர் விலகி, சத்தமில்லாமல் சுற்றிப் போங்கள். கன்றைத் தொட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள். நாய் கூட வந்தால் குட்டையான கயிற்றில் இருக்கட்டும். ஆனால் மாடு பாய்ந்து வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். அதன் கோபம் நாயின்மேல், நாய் ஓடித் தப்பித்துவிடும். மாடு தலையைத் தாழ்த்திக் காலால் தரையைக் கீறினால் முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள்.

இரண்டாம் கட்டம், ஏற்றம். வெனடிகர்ஹவுஸைத் தாண்டி ஓடையோரமாகப் பள்ளத்தாக்கின் முடிவு வரை போனால் பாதை பிரியும். இடப்பக்கச் சரிவில் ஏறி, வலப்பக்கமாக இறங்குங்கள். காரணம் எளிது: இடப்பக்கம்தான் செங்குத்து, கற்படியும் ஈரமும் அங்கேதான். செங்குத்தை ஏறிக் கடப்பது நுரையீரலுக்கு வேலை. இறங்கிக் கடப்பது முழங்காலுக்கு வேலை. அருவியின் சாரல் பட்ட படிகள் காலையில் வழுக்கும். முழுப் பாதத்தையும் தட்டையாக வைத்து, அடியைச் சிறிதாக்கி ஏறுங்கள். உயரமான படிகளில் தாவ ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் தொடை எரியும். 450 மீட்டர் ஏற்றம் என்றால் ஒன்றரை மணி நேரம். இதற்கிடையில் பலகை தென்பட்டால் மூச்சு வாங்க நிற்கும்போது மட்டும் படியுங்கள், இல்லாவிட்டால் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். வெயில் சுள்ளென்று ஏறுமுன் இந்தச் சரிவு முடிந்துவிட வேண்டும்.

ஏறும்போது மரம் மாறுவதைப் பார்க்கலாம். கீழே இலையுதிர்க்கும் ஊசிமரமான லார்ச்சும் மற்ற ஊசிமரங்களும். கொஞ்சம் மேலே கட்டையான புதர், ஜூலையில் சிவந்து பூக்கும் ஆல்ப்ஸ் ரோஜா. அதற்கும் மேலே புல்லும் பாறையும்தான். 'வீஈஈ' என்று கூர்மையான சீழ்க்கை கேட்டால் அது மார்மட், முயலைவிடப் பெரிய மலை அணில் இனம். நீண்ட ஒற்றைச் சீழ்க்கை என்றால் வானத்தில் கழுகு இருக்கலாம். அடுத்தடுத்துச் சீழ்க்கை வந்தால் தரையில் வரும் ஆபத்து, பெரும்பாலும் நீங்கள்தான்.

மூன்றாம் கட்டம், சால்ஸ்போடன் ஏரியும் 'கடவுளின் கண்'ணும். சுமார் 2,140 மீட்டரில் சரிவு தணிந்து ஏரி வரும். சாப்பாட்டுக்கு இதுதான் இடம். வியர்த்த பனியனை மாற்றிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். கொஞ்ச தூரத்தில் முக்கோணமான ஒரு சிறு குட்டை, நடுவே வெள்ளைப் பஞ்சுப்புல் மண்டிய திட்டு. அதைத்தான் உள்ளூரில் கடவுளின் கண் என்கிறார்கள். காற்றில்லாத காலையில் பனிமலை அதற்குள் கவிழ்ந்து தெரியும். கரை முழுக்கச் சதுப்புப்பாசி. ஒரு நல்ல படத்துக்காக ஆளாளுக்கு ஓர் அடி உள்ளே மிதித்தால் கரை சேறாகிவிடும், இந்த உயரத்தில் அது மறுபடி முளைக்க வருடக்கணக்காகும். பாதையிலிருந்தே எடுங்கள். பூப் பறிப்பதும் கல் எடுத்துப் போவதும் ட்ரோன் விடுவதும் தேசியப் பூங்காவில் கூடாது.

நான்காம் கட்டம்தான் இந்தப் பாதையின் உயிர். நேரம் செலவழிக்கவேண்டிய இடமும் இதுவே. ஓரிடத்தில் பாதை கூரான கல்மேட்டின்மேல் ஏறும். இது மொரேன், பனியாறு தள்ளிக்கொண்டு வந்து ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போன கற்குவியல். 1850ஐ ஒட்டி ஆல்ப்ஸ் பனியாறுகள் பெருத்திருந்த காலத்தில் பனி இந்த விளிம்புவரை நின்றது. மேட்டின் இரு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். வெளிப்பக்கம் பழைய மண், அடர்ந்த புல். உள்பக்கம் வெறுங்கல், இடுக்கில் மஞ்சள் பூ பூத்த சாக்ஸிஃப்ரேஜ் செடி. பனியை நோக்கிக் கீழே போகப் போகச் செடி அருகும். கீழே போகப் போக, பனியிலிருந்து இன்னும் பிந்தி வெளியே வந்த நிலம். கல்லின்மேல் எலுமிச்சை நிறத்தில் வரைபடம்போல் படர்ந்த லைக்கனை, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரை, பாருங்கள். அது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. வட்டத்தின் அகலத்தை அளந்து அந்தக் கல் பனியிலிருந்து வெளியே வந்து எவ்வளவு காலமாகியிருக்கும் என்று கணிக்கிறார்கள்.

அப்புறம் வழவழவென்று தேய்ந்த பாறைத் தளம். பனியாற்றின் அடியில் ஒட்டிய கற்கள் உப்புத்தாள்போல் தேய்த்துவிட்டுப் போனது. கையை வைத்துத் தடவினால் இணையான கீறல்கள் தட்டுப்படும். பனி நகர்ந்த திசை அதுதான். முதுகுபோல் எழும்பிய பாறைகளில் பனி வந்த பக்கம் வழவழப்பாகவும் போன பக்கம் உடைந்து சொரசொரப்பாகவும் இருக்கும். ஒரு பாறையில் இதைப் புரிந்துகொண்டால் அப்புறம் பலகையே வேண்டாம், பள்ளத்தாக்கு முழுவதையும் படித்துவிடலாம். ஆனால் இதே பாறை நனைந்தால் கண்ணாடி. மழை தூறத் தொடங்கினால் இந்தத் தளத்தில் குறுக்குவழி தேடாமல் சிவப்பு-வெள்ளை-சிவப்பு வழிக்குறியை ஒட்டியே நடங்கள்.

பலகையில் வரைந்த பனியாற்று நாக்கும் (அதாவது அதன் கீழ்முனையும்) எதிரே தெரியும் நாக்கும் பொருந்தாமல் போகலாம். பலகை தப்பில்லை, பனி போய்விட்டது. ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலைச் சங்கத்தின் 2021-22 அளவீட்டில் ஷ்லாட்டென்கேஸ் ஒரே ஆண்டில் 89.5 மீட்டர் பின்வாங்கியிருந்தது. அந்த ஆண்டு அவர்கள் அளந்த பனியாறுகளில் அதுவே அதிகம். இதனால்தான் 'பனியைத் தொட்டுவிட்டு வருவோம்' என்று பாதையை விட்டு இறங்குவது முட்டாள்தனம். பின்வாங்கும் பனியின் முனையில் குகை உட்காரும், மேலே பதிந்திருந்த கல் உருளும், கல் மூடிய தரை என்று நினைத்து மிதிப்பது உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டியாக இருக்கும்.

ஐந்தாம் கட்டம், ஓடையும் பாலமும். பனியாற்று நீர் பால் கலந்ததுபோல் சாம்பல் நிறத்தில் ஓடும். பாறையை அரைத்த மாவு அது. குடிக்கவேண்டாம். வயிற்றுக்கும் ஆகாது, வடிகட்டியையும் அடைத்துவிடும். காலையில் சாதுவாக ஓடும் கிளை ஓடை, வெயிலில் பனி உருகுவதால் பிற்பகலில் இரண்டு மடங்காகிக் கல்லை மூடும். ஒரு மணிக்குள் பாலத்தைக் கடக்கச் சொன்னது இதற்காகவும்தான். பாலத்தின் பலகை ஈரமாக இருந்தால் ஒவ்வொருவராகப் போங்கள். பாலம் பழுதென்று அடைத்திருந்தால் ஓடைக்குள் இறங்கிக் கடக்கப் பார்க்காதீர்கள், திரும்பிவிடுங்கள். முழங்கால் ஆழ நீர் ஆளை அடித்துக்கொண்டு போகும்.

இந்த மேட்டுவெளியில்தான் இடி மாட்டினால் மறைவு இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடிகளை எண்ணி மூன்றால் வகுங்கள்; கிலோமீட்டர் கிடைக்கும். 10 விநாடிக்குக் கீழே வந்தால் ஆபத்து தலைக்குமேல் என்று அர்த்தம். மொரேன் முகடு, தனிமரம், கம்பிக்கயிறு, நீர்நிலை ஆகியவற்றிலிருந்து விலகுங்கள். பள்ளமான இடத்தில், பையைக் கீழே போட்டு அதன்மேல், இரண்டு காலையும் சேர்த்துக் குந்தி உட்காருங்கள். கூட்டமாக ஒட்டி நிற்காமல் இடைவெளி விடுங்கள். மூடுபனி இறங்கிக் குறி தெரியாமல் போனால் முன்னே தேடாதீர்கள். கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பி, அங்கே ஒருவர் நிற்க மற்றவர் கூப்பிடு தூரத்துக்குள் தேடட்டும்.

ஆறாம் கட்டம், இறக்கம். பாலத்துக்கு அப்பால் ப்ராகர் மலைக்குடில்களுக்கு ஏறும் பாதை வந்து சேரும். மேலே போகும் கிளையைப் பிடித்துவிடாமல் பலகையில் இன்னர்க்ஷ்லோஸ் என்ற பெயரைப் பார்த்துத் திரும்புங்கள். வழுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். கடினமானது முடிந்துவிட்டது என்ற நினைப்பு, களைத்த தொடை, பேச்சு, எல்லாம் ஒன்றுசேரும். இறங்கும் முன் காலணி நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், தடியை நீட்டுங்கள், ஏதாவது இனிப்பாகச் சாப்பிடுங்கள். முழங்காலை விறைக்காமல் லேசாக மடக்கியே வைத்து, உடம்பின் பாரத்தைப் பாதத்துக்கு நேர்மேலே கொண்டுவாருங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்தால்தான் குதிகால் வழுக்கும். மேலே எடுத்த பலகைப் படங்களை இறங்கும்போது நடந்துகொண்டே படிக்கவேண்டாம். படிக்கவேண்டுமானால் நில்லுங்கள்.

வெனடிகர்ஹவுஸில் சாப்பாடு கிடைக்கும். கடைசி டாக்சி எத்தனை மணிக்கு என்பதை அங்கே காலையில் போகும்போதே கேட்டு வைத்திருந்தால், சாவகாசமாக உட்காரலாமா, நடையைத் தொடர வேண்டுமா என்பது தெரியும். கீழே இறங்கியதும் காலணிச் சேற்றைக் கழுவி, உள்தட்டை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை தாளை மாற்றினால் காலைக்குள் காய்ந்துவிடும். அடுப்போரத்திலோ ஹீட்டர் மேலோ வைத்தால் தோல் வெடிக்கும், அடிப்பாகத்தின் பசையும் இளகிவிடும்.